பயந்த பூனையின் வயிறு ஏன் நின்றது? இரைப்பையை எக்ஸ்ரேயில் பார்த்த வால்டர் கேனனின் கதை

சாப்பாடு தொண்டையைத் தாண்டி இறங்கவே மாட்டேங்குது, நெஞ்சுக்கு நடுவில் நிக்கிற மாதிரி இருக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், சில நேரம் டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுப்பார். பேரியம் ஸ்வாலோ. ஸ்கேன் சென்டரில் ஒரு கப்பில் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெள்ளையாக ஒன்றைக் கொடுப்பார்கள். ஒரு வாய் எடுத்து வைத்திருந்து, சொன்னதும் விழுங்க வேண்டும். அந்த வெள்ளைத் திரவம் உணவுக்குழாயில் இறங்குவது, இரைப்பைக்குள் விழுவது, அங்கிருந்து சிறுகுடலுக்குப் போவது எல்லாமே பக்கத்துத் திரையில் ஓடும். டெஸ்ட் எடுத்தவர்களுக்கு அந்தச் சாக்பீஸ் ருசி நல்லாவே ஞாபகம் இருக்கும்.

இந்த டெஸ்ட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், 1896-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு இருட்டு அறையில் போய் நிற்போம். அங்கே ஒரு வாத்து. அதன் கழுத்தில் அட்டையால் செய்த உயரமான காலர். அதன் முன்னால் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு மாணவர். பெயர் வால்டர் பிராட்ஃபோர்ட் கேனன்.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆபத்து வந்தால் உடம்பு ஒன்று சண்டைக்குத் தயாராகும், இல்லையென்றால் ஓடத் தயாராகும் என்ற கருத்தைப் பள்ளிப் பாடத்திலோ யூடியூபிலோ கேட்டிருப்பீர்கள். அதைச் சொன்னவர் இவர்தான். உடம்பின் சூடு, ரத்தத்தின் சர்க்கரை, உப்பு எல்லாம் ஒரு அளவில் நிலையாக இருப்பதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவரும் இவரே. அந்தப் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் தொடங்கியது ஒரு எக்ஸ்ரே திரையில் தெரிந்த இரைப்பையின் நிழலில் இருந்துதான். அவர் உயிரைக் குடித்ததும் அதே எக்ஸ்ரேதான் என்று கருதப்படுகிறது.

பிறந்த ஊரிலேயே ஒரு வயிற்றுக் கதை

கேனன் 1871 அக்டோபர் 19-ல், விஸ்கான்சின் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ப்ரெய்ரி டு ஷீன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இந்த ஊருக்கும் வயிற்றுக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருந்தது.

1822-ல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வெளியில் இருந்து பார்த்தாலே இரைப்பையின் உள்பக்கம் தெரியும். அவருக்கு சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், அந்த ஓட்டை வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். அந்தச் சோதனைகளில் ஒரு பகுதி நடந்தது இதே ப்ரெய்ரி டு ஷீன் ஊரின் ராணுவக் கோட்டையில். செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டால் அவருடைய வயிறும் மாறிப் போகிறது என்பதை பியூமாண்ட் அப்போதே கவனித்து எழுதி வைத்திருந்தார். சுமார் 40 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் பிறந்த குழந்தை அதே விஷயத்தை வேறு வழியில் பார்க்கப் போகிறது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

கேனனின் அப்பா ரயில்வே ஊழியர். அம்மா ஆசிரியராக இருந்தவர். கேனனுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா நிமோனியாவில் இறந்துவிட்டார். 14 வயதில், பையன் படிப்பில் அக்கறை இல்லாமல் இருக்கிறான் என்று அப்பா பள்ளியில் இருந்து நிறுத்தி ரயில்வே அலுவலக வேலையில் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்த பிறகுதான் பையனுக்குப் படிப்பின் அருமை புரிந்தது. திரும்பப் பள்ளிக்குப் போனார். அங்கே ஒரு ஆங்கில ஆசிரியை, ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தூண்டினார். 1892-ல் உதவித்தொகையோடு ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்து, 1896-ல் மிகச் சிறப்பாகத் தேறினார். அதே ஆண்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

எலும்பு தெரியும், வயிறு தெரியாது

ஜெர்மனியில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. உலகம் முழுக்க அதே பேச்சு. கை எலும்பு தெரியுது, உள்ளே போன குண்டு தெரியுது, விழுங்கிய காசு தெரியுது என்று ஆச்சரியப்பட்டுக் கொண்டிருந்தார்கள்.

ஆனால் வயிறு தெரியவில்லை. காரணம் எளிது. எலும்பில் கால்சியம் இருக்கிறது, அது எக்ஸ்ரேயைத் தடுத்து நிறுத்தும். உணவுக்குழாய், இரைப்பை, குடல், அவற்றைச் சுற்றியுள்ள தசை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி கொண்ட மென்மையான திசுக்கள். எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஊடுருவிப் போய்விடும். படத்தில் எது இரைப்பை, எது குடல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஹார்வர்டின் உடலியல் பேராசிரியர் ஹென்றி பௌடிச், இந்தப் புதுக் கதிரை வைத்து உணவு செரிப்பதைப் பார்க்க முடியுமா என்று யோசித்தார். வேலையைக் கொடுத்தது முதலாண்டு மாணவர் கேனனிடமும், அவரோடு படித்த இன்னொரு மாணவர் ஆல்பர்ட் மோசரிடமும். மருத்துவம் படிக்க வந்து முழுசாக ஒரு பருவம்கூட முடியாத பையனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும்.

1896 டிசம்பர் 9-ம் தேதி முதல் சோதனை. ஒரு நாய்க்கு முத்துச்சிப்பியில் செய்த சட்டை பட்டனை விழுங்கக் கொடுத்தார்கள். ஒளிரும் திரையில் அந்த பட்டனின் நிழல் தொண்டையில் இருந்து கீழே இறங்கியது. அவ்வளவுதான். கத்தி வைக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல், உயிரோடு இருக்கிற ஒரு மிருகத்தின் உள்ளே ஒரு பொருள் நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அடுத்தது வாத்து. ஏன் வாத்து? கழுத்து நீளம். விழுங்கியது இறங்க நேரம் எடுக்கும், நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் வாத்து கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நிற்குமா? அதற்குத்தான் அந்த அட்டைக் காலர். பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பை மாத்திரைக் கூட்டில் அடைத்து விழுங்க வைத்தார்கள். பிஸ்மத் அணு ரொம்பக் கனமானது, எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும். அதனால் உணவு போகிற பாதை கருப்பு நிழலாகத் தெரிந்தது. டிசம்பர் 29-ல் அமெரிக்க உடலியல் சங்கத்தின் கூட்டம் பாஸ்டனில் நடந்தபோது, நாட்டின் பெரிய உடலியல் அறிஞர்களுக்கு இந்த வாத்தையே நேரில் காட்டினார்கள். கேனனுக்கு அப்போது வயது 25.

வாத்தோடு நிற்கவில்லை. பூனை, நாய், குதிரை, மனிதர்கள் என்று இருவரும் விழுங்குவதைப் பார்த்தார்கள். வாத்தில் எதை விழுங்கினாலும் ஒரே நிதானமான வேகம். மனிதரிலும் குதிரையிலும் தண்ணீர் போன்றவை வாயின் அழுத்தத்திலேயே பீய்ச்சியதுபோல் சட்டென்று கீழே போய்விடுகின்றன. கெட்டியான உணவை மட்டும் உணவுக்குழாயின் சுவர் பின்னால் இருந்து சுருங்கிச் சுருங்கித் தள்ளிக்கொண்டு போகிறது. பற்பசை டியூபை மேலிருந்து பிதுக்குகிற மாதிரி. இந்த அலைக்குத்தான் பெரிஸ்டால்சிஸ் என்று பெயர்.

இருட்டறையில் பூனையோடு

மோசர் உணவுக்குழாயைப் பார்த்துக்கொள்ள, கேனன் இரைப்பைப் பக்கம் நகர்ந்தார். இந்த முறை பூனை. உணவில் பிஸ்மத்தைக் கலந்து கொடுத்து, பூனையை அசையாமல் படுக்க வைத்து, இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். திரையின் மேல் மெல்லிய தாளை வைத்து, தெரிகிற நிழலின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தாள். மறுபடி இன்னொன்று. உணவு கொடுத்து அரை மணி நேரத்தில் ஒரு முறை, ஒரு மணியில் ஒரு முறை, பிறகு ஏழு மணி நேரம் வரை மணிக்கு ஒரு முறை என்று பார்த்த சோதனைகளும் பின்னாளில் உண்டு.

அதுவரை இரைப்பை என்றால் உணவைப் போட்டுக் குலுக்குகிற ஒரு பை என்ற எண்ணமே பலருக்கு இருந்தது. கேனன் பார்த்தது வேறு. இரைப்பையின் மேல்பாதி ஒரு கிடங்கு மாதிரி அமைதியாக இருக்கிறது. கீழ்ப்பாதியில்தான் வேலை. அங்கே சுருக்க அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, வெளிவாசலை நோக்கிப் போகின்றன. பூனையில் நிமிஷத்துக்கு ஆறு அலை. மனிதரில் சுமார் மூன்று. அலை வருகிற ஒவ்வொரு முறையும் வாசல் திறந்துவிடுவதில்லை. உணவு கூழாகிற வரை அரைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் விடுகிறது.

எது சீக்கிரம் வெளியேறுகிறது என்றும் அளந்தார். எப்படி? சிறுகுடலில் தெரிகிற உணவு நிழல்களின் நீளத்தை எல்லாம் கூட்டினார். நீளம் கூடினால் இரைப்பை அதிகமாக வெளியே விட்டிருக்கிறது என்று கணக்கு. மாவுச்சத்து முதலில் கிளம்புகிறது, புரதம் அதைவிடத் தாமதம், கொழுப்பு ரொம்பத் தாமதம். பரோட்டா சால்னா சாப்பிட்ட ராத்திரி வயிறு கல்லு மாதிரி இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல். சில பூனைகளின் வயிற்றில் அலை அழகாகத் தெரிந்தது. சிலவற்றில் அலையே இல்லை. அதே உணவு, அதே பிஸ்மத், அதே கருவி. வேறு ஒருவராக இருந்தால் அலை வராத பூனைகளைக் கெட்டுப்போன சோதனை என்று ஒதுக்கியிருப்பார். கேனன் ஒதுக்கவில்லை. கவனித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஆண் பூனைகள் கட்டுப்போட்டதும் சீறி முரண்டு பிடித்தன, அவற்றின் வயிறு அசையவில்லை. பெண் பூனைகள், அதிலும் வயதான தாய்ப் பூனைகள், சாவகாசமாகப் படுத்துக் கிடந்தன. அவற்றின் வயிறு ஒழுங்காக வேலை செய்தது.

ஒரு நாள் குட்டி போட்ட தாய்ப் பூனை ஒன்று திரைக்கு முன்னால் படுத்திருந்தது. அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று அதற்கு ஏதோ பதற்றம். அந்த நொடியே அலைகள் நின்றுவிட்டன, இரைப்பைச் சுவர் தளர்ந்துபோய்க் கிடந்தது. கேனன் தடவிக் கொடுத்தார். பூனை மெதுவாகச் சமாதானமாகி குர்ர்ர் என்று சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் அலை திரும்ப வந்தது.

1898-ல், அப்போதுதான் தொடங்கப்பட்ட அமெரிக்க உடலியல் ஆய்விதழின் முதல் தொகுதியில் இவை எல்லாம் கட்டுரைகளாக வந்தன. அவர் அப்போதும் மாணவர்தான். டாக்டர் பட்டம் கைக்கு வந்தது 1900-ல்.

நோயா, பயமா?

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் படத்தைப் பார்த்து வயிற்று நோயைக் கண்டுபிடிக்கிற எல்லோருக்கும் இது இன்றைக்கும் முக்கியம். படத்தில் இரைப்பை அசையவில்லை. உணவு வெளியே போகவில்லை. அது நோயா? அடைப்பா? இல்லை, அந்த ஆள் பயந்து போயிருக்கிறாரா?

கேனன் பின்னாளில் தன் புத்தகத்தில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியிருக்கிறார். செரிமானக் கோளாறு என்று கணவரோடு பாஸ்டனுக்கு வந்தவர் அந்தப் பெண். ராத்திரி ஹோட்டலில் தங்கினார்கள். மறுநாள் காலை சோதனைக்கான உணவைச் சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் வந்தார். டாக்டர் இரைப்பையில் இருந்ததை எடுத்துப் பார்த்தால், அமிலம் சுரக்கவில்லை, காலை உணவு செரிக்கவில்லை, முந்தின நாள் ராத்திரி சாப்பாடுகூட நிறைய அப்படியே கிடக்கிறது. பார்க்கிற யாருக்கும் பெரிய கோளாறு என்றுதான் தோன்றும். உண்மை அந்தக் குடும்ப டாக்டர் மூலமாகத் தெரிந்தது. ஊருக்கு வந்த சாக்கில் கணவர் கட்டுக்கடங்காமல் குடித்துவிட்டு ரகளை செய்திருக்கிறார், மனைவி ராத்திரி முழுக்கத் தவித்திருக்கிறார். அடுத்த நாள், நன்றாக ஓய்வெடுத்த பிறகு மறுபடி சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அமிலம் சுரந்திருந்தது, உணவும் செரித்து இறங்கியிருந்தது.

ஆபரேஷன் தேவைப்படுகிற வயிறு என்று முடிவு கட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும்?

இதே விஷயத்துக்கு கேனன் இந்தியாவில் இருந்தும் ஒரு உதாரணம் எடுத்தார். பழைய காலத்தில் திருட்டு போன்ற குற்றத்தில் பலர் மேல் சந்தேகம் வந்தால், எல்லோருக்கும் மந்திரித்த அரிசியைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். பிறகு அரச இலையில் துப்ப வேண்டும். யாருடைய அரிசி எச்சில் படாமல் காய்ந்து விழுகிறதோ அவர்தான் குற்றவாளி என்று முடிவு. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் வாய் வறண்டுவிடும் என்பது அதன் கணக்கு. செய்யாத குற்றத்துக்குப் பயந்தவர்களும் அதில் மாட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். கேனனுக்கு வேண்டியது ஒன்றுதான்: பயம் எச்சிலையும் நிறுத்தும், வயிற்றையும் நிறுத்தும்.

நிழலில் இருந்து நோய்க்கு

இயல்பான வயிறு எப்படி அசையும் என்று தெரிந்த பிறகுதான், இயல்பு கெட்டால் எப்படித் தெரியும் என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் வேகமாகப் பதில் தேடினார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெர்மன் ரீடர் 1904-ல் பிஸ்மத் கலந்த உணவை நோயாளிகளுக்கு ஒரே அளவில் கொடுத்துப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தார்.

ஆனால் பிஸ்மத்தில் ஒரு ஆபத்து இருந்தது. அப்போது பயன்படுத்திய பிஸ்மத் சப்நைட்ரேட் உப்பு, குடலில் உள்ள கிருமிகளால் நைட்ரைட்டாக மாறி சிலருக்கு விஷமானது. உயிர்களும் போயின. மாற்றாக 1910-ல் ஜெர்மனியின் பேகெம், குந்தர் இருவரும் பேரியம் சல்பேட்டைப் பரிந்துரைத்தார்கள். பேரியத்தின் கரையும் உப்புகள் கொடிய விஷம். ஆனால் பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு அதை உறிஞ்சாது, வந்த வழியே வெளியே போய்விடும். டெஸ்ட் முடிந்து ஓரிரு நாள் மலம் வெளுப்பாகப் போவதும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதனால்தான். விலையும் குறைவு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே 1910-ல் வியன்னாவில் மார்ட்டின் ஹவுடெக் இரைப்பை அல்சரை நிழலில் அடையாளம் காட்டினார். அல்சர் என்பது இரைப்பைச் சுவரில் விழுந்த குழி. அந்தக் குழிக்குள் வெள்ளைத் திரவம் போய்த் தேங்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால், இரைப்பையின் ஒழுங்கான ஓரத்தில் இருந்து ஒரு சின்ன மேடு வெளியே துருத்திக்கொண்டிருப்பது போலத் தெரியும். சுவரில் விளக்கு வைக்கிற மாடம் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. அதற்கு ஹவுடெக்கின் பெயரே வந்துவிட்டது.

இப்படி ஒவ்வொரு நோய்க்கும் ஒரு உருவம் சேர்ந்தது. உணவுக்குழாயின் கீழ்வாசல் திறக்க மறுக்கிற அகலேசியா என்ற கோளாறில், மேலே குழாய் அகன்று, கீழே வரவரக் கூர்மையாகப் பறவையின் அலகு மாதிரி முடியும். விழுங்கியது அங்கேயே தேங்கி நிற்கும், அலையும் ஒழுங்காக வராது. புற்றுநோய் என்றால் அந்தக் குறுகல் இப்படி வழவழப்பாக இருக்காது. ஓரம் கரடுமுரடாக, திடீரென்று ஆரம்பிக்கும். இரைப்பைச் சுவர் முழுக்கப் பரவுகிற ஒரு வகைப் புற்றுநோயில், இரைப்பை தோல் பை மாதிரி விறைத்துப்போய் சுருங்கி இருக்கும், அலையே ஓடாது. இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிக்கொள்கிற ஹையாடஸ் ஹெர்னியாவில், உதரவிதானத்துக்கு மேலே ஒரு பை தெரியும்.

இவற்றில் பாதி அடையாளங்கள் உருவம் மட்டும் இல்லை, அசைவு. ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து சொல்லிவிட முடியாது. அலை வருகிறதா, எங்கே நிற்கிறது, வாசல் திறக்கிறதா என்று ஓடுகிற படமாகத்தான் பார்க்க வேண்டும். பூனையின் முன்னால் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த மாணவர் செய்ததும் அதைத்தான்.

இன்றைக்கு வாய் வழியாகக் கேமராவை விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபி வந்துவிட்டது. புண்ணை நேரில் பார்க்கலாம், சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். அதனால் அல்சர், புற்றுநோய் சந்தேகத்துக்கு முதலில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் விழுங்குவதில் உள்ள அசைவுக் கோளாறு, ஆபரேஷனுக்குப் பிறகு பாதை எப்படி இருக்கிறது என்பது போன்றவற்றுக்கு பேரியம் இன்னும் கை கொடுக்கிறது. உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முதலில் பேரியம் கொடுக்க மாட்டார்கள், நெஞ்சுக்குள் கசிந்தால் பிரச்சினை. அதற்குப் பதில் தண்ணீரில் கரையும் அயோடின் மருந்து கொடுப்பார்கள். விழுங்க முடியாமல் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பு மலம் என்று எது இருந்தாலும் எந்த டெஸ்ட் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், தாமதம் மட்டும் வேண்டாம்.

வயிற்றை விட்டு வெளியே

கேனன் 1901-ல் கார்னீலியா ஜேம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்குப் போன இடத்தில் மொன்டானாவில் அதுவரை யாரும் ஏறாத ஒரு மலையில் இருவரும் ஏறிவிட்டார்கள். அந்தச் சிகரத்துக்கு இப்போது கேனன் மலை என்றே பெயர். 1906-ல் பௌடிச்சின் இடத்துக்கு வந்தவர், 1942 வரை ஹார்வர்டின் உடலியல் துறையை நடத்தினார்.

1912-ல் பசி என்றால் என்ன என்று ஒரு சோதனை. அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, அதை வயிற்றுக்குள் ஊதி, பசி எடுக்கிறபோதெல்லாம் சொன்னார். பசி எடுத்த நேரமும் இரைப்பை சுருங்கிய நேரமும் ஒத்துப் போயின. பசிக்கு அது மட்டுமே காரணம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பலூனை விழுங்கின மாணவரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பயந்த பூனையின் வயிறு ஏன் நின்றது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. அதைத் துரத்திப் போய்த்தான் அட்ரினல் சுரப்பியிடம் வந்து சேர்ந்தார். பயத்தில் அந்தச் சுரப்பி ரத்தத்தில் கலக்கிற பொருள், இதயத்தை வேகப்படுத்துகிறது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்புகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கு என்று உடம்பு வயிற்றை நிறுத்தி வைக்கிறது. 1915-ல் வந்த அவருடைய புத்தகம் இதைத்தான் சொன்னது. 1932-ல் வந்த இன்னொரு புத்தகம் ஹோமியோஸ்டாசிஸை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போனது. கிடைக்கவில்லை.

திரும்பி வந்த கதிர்

எக்ஸ்ரே தோலைச் சுடும் என்பது 1896-லேயே தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் அது உள்ளுக்குள் வருஷக்கணக்கில் காத்திருந்து புற்றுநோயாக வரும் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. தாமஸ் எடிசனின் எக்ஸ்ரே சோதனைகளில் வேலை செய்த உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-ல் இறந்தார். எடிசன் பயந்துபோய் எக்ஸ்ரே பக்கமே போகாமல் ஒதுங்கிவிட்டார். கேனன் அதற்குள் இருட்டறையில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஈயத் தடுப்பு ஆடை இல்லை, டோஸ் கணக்கு இல்லை. அந்தக் காலத்தில் கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே திரைக்கு முன்னால் நீட்டிய எக்ஸ்ரேகாரர்கள் நிறையப் பேர்.

1930-களின் தொடக்கத்தில் கேனனுக்கு உடம்பில் தாங்க முடியாத அரிப்பு, சிவந்த தடிப்புகள். மருத்துவர்கள் சொன்ன பெயர் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். பெயரில் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை நோய் அல்ல, தோலில் ஆரம்பிக்கிற ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். மாணவராக இருந்தபோது வாங்கிய கதிர்வீச்சின் விளைவு என்றே அது கருதப்பட்டது. அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் எழுதினார், பயணம் போனார், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்கு மருத்துவ உதவி திரட்டினார். 1945-ல் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றிய அவருடைய கடைசிப் புத்தகம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் ஃபிராங்க்ளின் ஊரில் இறந்தார். 74-வது பிறந்தநாளுக்கு இன்னும் 18 நாள் இருந்தது.

அவருடைய மகன் பிராட்ஃபோர்ட் கேனன் பிளாஸ்டிக் சர்ஜன் ஆனார். 1942-ல் பாஸ்டனின் கோகோனட் குரோவ் இரவு விடுதியில் நடந்த பெரும் தீ விபத்தில் வெந்துபோனவர்களுக்கு சிகிச்சை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் முகப்பரு, தேவையற்ற முடி போன்ற உயிருக்கு ஆபத்தில்லாத விஷயங்களுக்குக்கூட எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சாதாரணப் பிரச்சினைகளுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதைப் பற்றி, 1959-ல் சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு மருத்துவ இதழில் அவர் எச்சரித்து எழுதினார். அவருடைய அப்பா அப்போது இறந்து 14 வருஷம் ஆகியிருந்தது.